தோற்ற வண்டியின் டேங்க்

ஆப்பிரிக்காவில், நைஜர் நாட்டில், சஹாராவுக்கு நடுவே ஒரே ஒரு வேல மரம் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேறு மரமே கிடையாது. ஒட்டக வணிகர்கள் வழிக்கு அடையாளமாக நம்பியிருந்த அந்த மரத்தை 1973-ல் ஒரு லாரி மோதிச் சாய்த்துவிட்டது! அவ்வளவு பெரிய பாலைவனத்தில் ஒதுங்கிப்போக இடமா இல்லை? போகட்டும். மரம் நின்ற அந்தப் பிரதேசத்தின் பெயர் டெனேரே. பத்து வருடம் கழித்து அதே பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்கு வந்தது. நம் கதையில் அது இரண்டாவது ஹீரோ.

முதலில் ஒரு பிரெஞ்சுக்காரர். தியரி சபீன். 1977-ல் அபிஜான் - நீஸ் பந்தயத்தில் யமஹா எக்ஸ்.டி. 500 ஓட்டியவர், லிபியப் பாலைவனத்தில் வழி தவறிவிட்டார். உயிரோடு மீட்கப்பட்டதே பெரிய விஷயம். நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஊருக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்டு, பாலைவனம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டோம். சபீனோ, 'இந்த அனுபவம் மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும்' என்று கிளம்பினார். 1978 டிசம்பர் 26-ம் தேதி பாரிஸிலிருந்து செனகல் நாட்டின் டக்கார் நோக்கி 182 வண்டிகள் புறப்பட்டன. போய்ச் சேர்ந்தவை 74. வழியில் ஒரு பைக் வீரர் இறந்தும் போனார். கார்களையும் சேர்த்து ஒட்டுமொத்தமாக ஜெயித்தவர் சிரில் நெவ்யு. அவர் ஓட்டியதும் எக்ஸ்.டி. 500தான். அடுத்த வருடமும் அவரே, அதே வண்டி.

இப்போது முனிச் நகரத்துக்கு வாருங்கள். எழுபதுகளின் கடைசியில் பி.எம்.டபிள்யூ.வின் மோட்டார் சைக்கிள் பிரிவு தள்ளாடிக்கொண்டிருந்தது. பிரிவையே இழுத்து மூடிவிடலாமா என்கிற அளவுக்குப் பேச்சு. ஜப்பான்காரர்களோடு வேகத்திலும் விலையிலும் மோத முடியவில்லை. யாரும் தொடாத இடத்தைத் தொட்டாக வேண்டும். இருபத்தோரு மாத உழைப்பில் 1980-ல் வெளிவந்தது ஆர் 80 ஜி/எஸ். காட்டு வழிக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவான வண்டி என்பதைத்தான் அந்த இரண்டு ஜெர்மன் எழுத்துகளும் சொல்கின்றன.

800 சிசி. இரண்டு சிலிண்டர்கள், இரண்டு பக்கமும் ரெக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். செயின் கிடையாது, ஷாஃப்ட். பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருப்பார்கள். பஞ்சரானால் கார் சக்கரம் போல மூன்று நட்டைக் கழற்றினால் போதும். 'இந்த யானையா மணலில் ஓடும்?' என்று சந்தேகப்பட்டவர்களுக்கு 1981-லேயே பதில் கிடைத்தது. டக்காரில் ஊபேர் ஒரியோல் முதலிடம்! 1983-ல் மறுபடி அவர். 1984, 85 இரண்டிலும் பெல்ஜியத்தின் காஸ்டன் ராயே. குள்ளமான மனிதர். அந்த உயரமான பைக்கில் உட்கார்ந்தால் இரண்டு கால்களும் ஒருசேரத் தரையில் படாது. (ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பந்தயத்தில் ஓடியவை கடையில் விற்ற வண்டிகள் அல்ல. பிற்பாடு எஞ்சினை 1000 சிசிக்குப் பக்கமாகப் பெருக்கிவிட்டார்கள்.)

யமஹா சும்மா இருக்குமா? பிரான்ஸில் அதன் இறக்குமதி நிறுவனத்துக்குத் தலைவர் ழான்-க்ளோத் ஒலிவியே. ஏ.சி. அறை முதலாளி இல்லை, தானே டக்காரில் ஓட்டியவர். பழைய எக்ஸ்.டி. 500-ன் டேங்கில் 9 லிட்டர்கூடப் பிடிக்காது. அதை வைத்துக்கொண்டு சஹாராவை என்ன செய்வது? ஜப்பானை நச்சரித்து அவர் வாங்கிய வண்டிதான் 1983-ல் விற்பனைக்கு வந்த எக்ஸ்.டி. 600 இசட் டெனேரே. ஒற்றை சிலிண்டர், 600 சிசி, செயின். கிக்கர் மட்டும்தான். காலையில் குளிர்ந்த எஞ்சினை உதைத்து எழுப்புவது எப்படி இருக்கும் என்று புல்லட்காரர்களைக் கேளுங்கள். ஜெர்மன் வண்டியைவிட ஏறக்குறைய 30 கிலோ எடை குறைவு. அதாவது, வீட்டுக்கு வருகிற நிறைந்த காஸ் சிலிண்டர் ஒன்று. மணலில் விழுந்த வண்டியைத் தனியாளாகத் தூக்குகிறவனுக்கு அந்த ஒரு சிலிண்டரின் அருமை தெரியும்.

ஆனால், எல்லோர் கண்ணும் போனது டேங்க் மேல்தான். 30 லிட்டர்!

சரி, பந்தயத்தில்? இந்த ஒற்றை சிலிண்டர் டெனேரே ஒரு முறைகூட டக்காரை ஜெயிக்கவில்லை. 1985-ல் நாற்பதை நெருங்கிய ஒலிவியே, தானே அதன் பந்தய வண்டியில் போய் ராயேவுக்கு அடுத்ததாக வந்தாரே, அதுதான் உச்சம். யமஹா மறுபடி ஜெயிக்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் இரட்டை சிலிண்டர் வண்டியில்.

பி.காம் படித்த புத்தி, கோப்பையை விட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டச் சொல்கிறது. நான்கு முறை ஜெயித்த ஆர் 80 ஜி/எஸ், 1980 முதல் 87 வரை தயாரானது சுமார் 21,800. ஜெயிக்காத டெனேரே பத்து வருடங்களில் ஐரோப்பாவில் மட்டும் 60,000-க்கு மேல் விற்றது. பி.எம்.டபிள்யூ. விலை அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால், அது மட்டும் அல்ல என்பேன். பாரிஸ் அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிற இளைஞன் ஷாஃப்டையும் செயினையும் எடைபோட்டா வாங்கினான்? அந்த டேங்கை நிரப்பினால் ஆப்பிரிக்கா வரைக்கும் போகலாம். போகப்போவதில்லை. ஆனால், போகலாம்!

நீண்ட ஓட்டத்தில் ஜெர்மன்காரர்கள் வட்டியோடு வசூலித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023-ல் பத்து லட்சமாவது பாக்ஸர் ஜி.எஸ். வெளிவந்தது. 2018-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த குட்டி ஜி 310 ஜி.எஸ்., நம்ம ஓசூரில் டி.வி.எஸ். தொழிற்சாலையில் பிறந்தது. டெனேரே நடுவில் மங்கி, 2019-ல் 700 சிசி வண்டியாகத் திரும்பி வந்தது. டக்காரை ஆரம்பித்துவைத்த சபீன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1986 பந்தயத்தின்போது மாலி நாட்டில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்துபோனார்.

ஒரு விஷயம் பாக்கி. 1984-ல் பி.எம்.டபிள்யூ. தன் வெற்றியைக் கொண்டாட ஜி/எஸ்ஸில் 'பாரிஸ் - டக்கார்' என்று ஒரு ஸ்பெஷல் வண்டி விட்டது. டேங்கில் ராயேவின் கையெழுத்து. அந்த டேங்க் எத்தனை லிட்டர் தெரியுமா? 32. யமஹாவைவிட இரண்டு லிட்டர் கூட!

யமஹா என்ன செய்தது? 1986-ல் டெனேரேயின் டேங்கை 23 லிட்டராகக் குறைத்துவிட்டது.