பெல்லட் டப்பா மூடிக்கு ஓர் உரை

மூலம்: எக்ஸாக்ட் – டயபோலோ – 4.52 மி.மீ. – 0.547 கிராம் – 500

செக் நாட்டின் போகுமீன் நகரில் ஜே.எஸ்.பி. நிறுவனம் தயாரிக்கும் ஈயக் குண்டு டப்பாவின் மூடியில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். பிரிட்டனில் ஃபீல்டு டார்கெட் எனும் காற்றுத் துப்பாக்கிப் போட்டிக் களங்களில் அடிக்கடி கண்ணில் படும் டப்பா இது. ஏர் கன் வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது வேகத்தை. மூடியிலோ வேகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொலைவில் குறி தவறாமல் சுட நினைப்பவர் படிக்க வேண்டியது இந்த மூடியைத்தான் என்பது என் கட்சி.

டயபோலோ: வடிவத்தைச் சொன்னது. உடுக்கை போல இடை சிறுத்திருக்கும். தலை கனம், பின்பக்கம் குடைவு. குடைவின் மெல்லிய விளிம்பு அழுத்தத்தில் விரிந்து குழலை அடைத்துக்கொள்கிறது. வெளியே வந்ததும் காற்று பின்பக்கத்தைப் பிடித்து இழுப்பதால் தலை முன்னோக்கியே நிற்கிறது. ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரை, நெருங்கினால் இந்த நிலை குலையத் தொடங்கும். நொடிக்கு 1,200 அடி என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் துப்பாக்கி அந்த வேகத்தை மெய்யாகவே எட்டிவிட்டால், இந்தக் குண்டைப் போட்டு 50 மீட்டரில் அதை நம்ப முடியாது.

0.547 கிராம்: எடை. இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் காற்று ரைஃபிளின் ஆற்றலுக்கு உச்சவரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல். ஆற்றலுக்குக் கூரை போட்டுவிட்டதால் வேகத்தைத் தீர்மானிப்பது எடைதான். 0.547 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 240 மீட்டரில் கிளம்பும், 0.670 கிராம் என்றால் 220.

போட்டியின் தொலைதூர இலக்கு 55 கஜத்தில், சுமார் 50 மீட்டரில் நிற்கும் தகட்டில் 40 மி.மீ. துளை. குண்டு அங்கே போய்ச் சேரக் கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். அதற்குள் அது கால் மீட்டர் இறங்கிவிடுகிறது. நொடிக்கு 2 மீட்டர் வீசும் பக்கக்காற்று, முகத்தில் பட்டால் இதமாக இருக்கும் காற்றுதான், குண்டை 5 செ.மீ. அளவுக்குத் தள்ளிவிடும். துளையின் நடுவிலிருந்து விளிம்புக்கோ 2 செ.மீ.தான். கனத்த குண்டு காற்றுக்குக் கொஞ்சம் குறைவாகவே வளைந்துகொடுக்கும். ஆனால் அதன் பாதை இன்னும் வளைவானது, தூரத்தை 2 மீட்டர் தவறாகக் கணித்தாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகும். அதனால் இந்த ஆற்றல் வரம்புக்குள் 0.547-ஐயே தேர்ந்தெடுப்பேன்.

4.52: மூடியின் உயிர் இங்கே இருக்கிறது. அளவு 4.5 மி.மீ. என்று பொதுவாகச் சொன்னாலும், தலையின் விட்டம் 4.50 முதல் 4.53 வரை தனித்தனி டப்பாக்களில் வருகிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம். ஒரே கம்பெனியின் இரண்டு குழல்கள்கூட ஒரே அளவை விரும்புவதில்லை. கட்டைவிரலால் குண்டை உள்ளே அழுத்தும்போது ஒன்று தொளதொளவென்று விழும், இன்னொன்று முரண்டு பிடிக்கும். விளிம்பு நசுங்கிய குண்டும் அப்போதே கண்ணில் படும், அதை ஒதுக்கிவிட வேண்டும். ஆனாலும் விரல் சொல்வது தீர்ப்பல்ல. காற்றடங்கிய வேளையில், துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஒவ்வோர் அளவிலும் பத்துப் பத்தாக ஒரே தூரத்தில் சுட வேண்டும். தாளில் எந்தக் கூட்டம் மிக நெருக்கமோ, அதுவே அந்தக் குழலின் குண்டு.

எக்ஸாக்ட்: துல்லியம் என்று பேர் வைத்தால் போதாது, துப்பாக்கியும் ஒத்துழைக்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டு வெளியேறுவதற்கு முன்பே உள்ளே பிஸ்டன் பாய்ந்து உலுக்குகிறது. பிடியின் அழுத்தம் சற்று மாறினாலும் குறி மாறும். ஜெர்மனியின் வைராஹ் ஹெச்.டபிள்யூ.97 போன்ற ஸ்பிரிங் ரைஃபிளால் அருமையாகச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது நீண்ட பயிற்சியின் பலன். புதிதாக வருபவருக்கு, முன்கூட்டியே காற்றடைத்த பி.சி.பி. வகையைத்தான் சொல்வேன், அதிலும் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் உள்ளது நல்லது.

500: எண்ணிக்கை. ஈயம் நஞ்சு, சுட்டு முடித்ததும் கை கழுவ வேண்டும்.

டப்பாவின் அடியில் ஒட்டிய சீட்டில் தொகுதி எண் இருக்கிறது. அச்சு தேய்ந்து மாற்றும்போது குண்டும் நூலளவு மாறும். அதனால் ஒத்துவந்த தொகுதியில் பல டப்பாக்களைச் சேர்த்து வாங்கிவைப்பது போட்டியாளர் வழக்கம். அது தீர்ந்து வேறு எண் வந்தால், மேலே அதே 4.52 இருந்தாலும், மறுபடி தாளில் சுட்டுப்பார்த்து ஸ்கோப்பைத் திருத்திய பிறகே களத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.