இரு கையிலும் ஆயுதம்: நடுகல் சொல்வது என்ன?



'பண்டைத் தமிழர் வீரம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், இரண்டு கையிலும் வாள் சுழற்றும் வீரன் நிச்சயம் வந்துவிடுவான். சினிமாவுல பார்த்தது அப்படியே தாளில் இறங்கிவிடுகிறது. சான்று எங்கே? சான்று இருக்கு, ஆனால் வேறு மாதிரி இருக்கு.

தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். தொறு, அதாவது ஆநிரை, கவரும் பூசலிலும் மீட்கும் பூசலிலும் இறந்தவர்களுக்காகப் பெரும்பாலும் நட்டவை. நீங்கள் படிக்கும் வெட்சியும் கரந்தையும் இங்கே கல்லாக நிற்கின்றன. பல கற்களில் வீரனின் ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது குறுவாள்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அம்பு எய்ய இரண்டு கையும் வேண்டும். பிறகு வாள் எதற்கு? அம்பு விட்டு முடித்து, பகைவனை நெருங்கும் கணத்தைச் சிற்பி காட்டியிருக்கலாம். அல்லது அவன் பயின்ற இரண்டு ஆயுதங்களையும் ஒரே உருவத்தில் சேர்த்திருக்கலாம். கல்லில் தெரிவது சான்று. நாம் சொல்லும் காரணம் ஊகம். இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

மற்ற நாடுகளிலும் இரு கைப் போர் உண்டு. ஜப்பானிய வாள்வீரர் மியாமோத்தோ முசாஷி (1584–1645) ஒரு கையில் நீண்ட வாளும் மறு கையில் குட்டை வாளும் ஏந்தும் முறையைக் கற்பித்தார். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வலக்கையில் நீள வாள், இடக்கையில் குத்துவாள். இடக்கை பெரும்பாலும் எதிரியின் வீச்சைத் தடுக்கும், வலக்கை தாக்கும். ஆக, இரு கை என்றால் இரண்டு வேலை.

நம் சிலம்பத்தில் இரட்டைக் கம்பு உண்டு. மான் கொம்பும் உண்டு: இரண்டு கொம்புகளை எதிரெதிர்த் திசையில் முனை இருக்கும்படி இணைத்து, நடுவில் பிடிப்பார்கள். தடுக்கவும் அதுவே, குத்தவும் அதுவே.

தோட்டத் தொழிலாளர்களோடு மலாயாவுக்கு வந்த கலை இது. ஆயர் தாவார் பக்கம் பால்மரத் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகிவிட்டன; குடும்பங்கள் டவுனுக்குப் போய்விட்டன. அடிமுறை ஆசானின் கையில்தான் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. உங்கள் ஊரில் ஆசான் யாராவது இருந்தால் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே போய்ப் பாருங்கள். "ஐயா, இடது கைக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். அவர் காட்டுவதைத் தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு அதுவும் ஒரு சான்று.