உக்கிராணக்காரன் கணக்கு

நம் கல்யாண வீடுகளில் உக்கிராணம் என்றோர் அறை உண்டு. அரிசியும் பருப்பும், நெய்யும் தேங்காயும், காயும் கனியும் அங்கே குவிந்திருக்கும். அவ்வறையைக் காப்பவர் அப்பொருள்களுக்கு உடையவர் அல்லர். அளந்து கொடுப்பதற்கென நியமிக்கப்பட்டவர். அறை நிரம்பியிருப்பது அவருக்குப் பெருமை தராது. பந்தியில் இலை நிரம்பினால்தான் அவருக்குப் பெருமை. கடைசிப் பந்தியில் குறை நேருமாயின் பழியும் அவருக்கே. விவிலியத்தைத் தமிழில் பெயர்த்த பெரியோர், இறைவன் அளித்த வரங்களை மனிதன் எவ்வாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல நேர்ந்தபோது, ‘உக்கிராணக்காரன்’ என்னும் இந்த வீட்டுச் சொல்லையே எடுத்தாண்டார்கள். அறிவும் பொருளும் உடல்வலிவும் காலமும் நம்முடையவை அல்ல. பிறர் பொருட்டு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை என்பது அதன் கருத்து.

கருத்து எளியது, அதை வாழ்ந்து காட்டுவது எளிதன்று. அவ்வாறு வாழ முயன்ற ஒரு தமிழரின் வரலாற்றை இங்கே எண்ணிப் பார்ப்போம். தமிழகத்துக்கு வெளியே வாழ்கின்ற நமக்கு அவர் வரலாற்றில் தனியானதோர் உரிமையும் உண்டு. சென்னையிலிருந்து விஜயவாடா வழியாக டில்லி செல்லும் இருப்புப்பாதையில், காஜிப்பேட்டைக்கு முன்னர் தோர்னக்கல் என்றொரு சந்திப்பு நிலையம் வருகிறது. நம்மில் பலர் ஊருக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அதைக் கடந்திருக்கிறோம். இன்று தெலுங்கானா மாநிலத்தில் உள்ள அவ்வூர், முன்னாளில் ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது. அங்கே குடியேறி, அங்கேயே உழைத்து, அம்மண்ணிலேயே அடங்கியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூரின் ஆங்கிலிக்கன் சபைக் குரு. நெடுங்காலம் காத்திருந்து பெற்ற மகனுக்குப் பெற்றோர் சாமுவேல் என்று பெயரிட்டனர். வேண்டிப் பெற்ற பிள்ளையை இறைப்பணிக்கே திருப்பித் தந்த ஒரு தாயின் கதை விவிலியத்தில் உண்டு. அப்பிள்ளையின் பெயர் அது. பெற்றதைத் தருவது என்னும் எண்ணம் அவருக்குப் பெயரிலேயே அமைந்துவிட்டது எனலாம்.

அவர் பிறந்த சீமையின் நிலையையும் நாம் அறிதல் வேண்டும். பனையேறியும் புன்செய் உழுதும் பிழைத்த எளிய மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கிறிஸ்தவ சபைகள் பரவின. ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பள்ளிகளையும் அச்சகங்களையும் மருத்துவ நிலையங்களையும் தோற்றுவித்தனர். அவற்றுக்கான பொருளில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தது. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அம்மக்கள் எழுத்தறிவு பெற்றனர், தலை நிமிர்ந்தனர். ஆனால் பெறுவதையே நெடுநாள் பழகிய சமூகத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. கொடுக்கும் கை வேறொருவருடையது என்றும், ஏந்தும் கை தன்னுடையது என்றும் அது எண்ணத் தலைப்படும். அசரியாவை வாட்டிய கேள்வி இதிலிருந்தே எழுந்தது.

அவர் திருநெல்வேலியில் பயின்று, பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் கற்றார். இறுதித் தேர்வின்போது நோய்வாய்ப்பட்டமையால் பட்டம் கைகூடவில்லை. 1895இல் ஒய்.எம்.ஸி.ஏ. என்னும் வாலிபர் சங்கத்தில் செயலாளராகச் சேர்ந்து, தென்னிந்தியா எங்கும் சுற்றினார். 1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். தென்னாட்டுக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிக் கல்வி கண்ட முதற் சிலருள் அவ்வம்மையாரும் ஒருவர். வரதட்சிணை இன்றிச் சிக்கனமாகவே அத்திருமணம் நடைபெற்றது.

1902இல் அவர் யாழ்ப்பாணத்துக்குச் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தச் செலவில், கடல் கடந்து, இந்தியாவுக்கே ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். நூறாண்டுகள் பெற்று வாழ்ந்த திருநெல்வேலி இதுவரை யாரை எங்கே அனுப்பியது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தைத் தைத்தது. ஊர் திரும்பியதும் வாளாவிருக்கவில்லை. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. 1905 டிசம்பர் 25ஆம் நாள் வங்காளத்துச் சேராம்பூரில், இந்தியா முழுவதற்குமாகத் தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டபோதும் அதனைத் தோற்றுவித்தவர்களுள் அவர் ஒருவராக இருந்தார்.

சங்கம் அமைப்பது ஒன்று. தாமே செல்வது வேறு. திருநெல்வேலிச் சங்கம் தோர்னக்கல் வட்டாரத்தில் பணி தொடங்கியது. அங்கே செல்லுமாறு பிற இளைஞரை அழைத்துக்கொண்டு, தாம் மட்டும் நகரில் இருப்பது எப்படித் தகும் என்ற கேள்வி அசரியாவுக்கு எழுந்தது. 1909இல், முப்பத்தைந்தாம் வயதில், வாலிபர் சங்கப் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தோர்னக்கலுக்குப் பெயர்ந்தார். மொழி வேறு, உணவு வேறு, அரசும் வேறு. மேடைகளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் நாவன்மை காட்டியவர், அங்கே தெலுங்கு எழுத்தைத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியவரானார். பிழைப்புக்காக அயல்மொழி பேசும் ஊர்களுக்குச் சென்ற நாம் அந்த அனுபவத்தை அறிவோம். கடைத்தெருவில் ஒரு சொல் தெரியாமல் விழிக்கும்போது நாம் கற்றதெல்லாம் பயனற்றுப் போனதாகத் தோன்றும். அவர் அதை விரும்பி ஏற்றார் என்பதே வேற்றுமை.

அடுத்த ஆண்டு, 1910இல், ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளில் ஆசியர் இருபதின்மர் கூட இல்லை. அவர்களுள் ஒருவராக எழுந்து நின்ற அசரியா, அவையோர் எதிர்பாராததைப் பேசினார். ஐரோப்பிய ஊழியர் இந்தியாவுக்குத் தந்த உழைப்பையும் தியாகத்தையும் அவர் மறுக்கவில்லை, நன்றியோடு எடுத்துரைத்தார். ஆயினும் அவர்களுக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே மேலோர் கீழோர் என்னும் சுவர் நிற்பதைச் சொன்னார். பொருளும் உடலும் தந்தவர்களிடம் இனி வேண்டுவது நட்பே என்று முடித்தார். அவையில் சிலர் முகம் சுளித்தனர். சிலர் தலை குனிந்தனர். இப்பேச்சில் ஓர் ஆழ்ந்த உண்மை உண்டு. தன்னைப் பெரியவனாக்கிக்கொள்வதற்காகத் தரப்படும் கொடை, உக்கிராணக்காரன் தன்னை வீட்டுக்காரனாக எண்ணிக்கொள்வதை ஒக்கும்.

சென்னை அத்தியட்சராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் அசரியாவின் தகுதியை உணர்ந்து, அவரை அத்தியட்சராக்க முயன்றார். எதிர்ப்புகள் எழுந்தன, ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பியக் குருமார் பணிபுரிவதா என்று கேட்டோர் இருந்தனர். எனினும் 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவருக்கு அத்தியட்சர் அபிஷேகம் நிகழ்ந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் அவரே. மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராகச் சென்றார். அசுத்தம், நோய், கடன், குடி ஆகிய நான்கையும் கிராமங்களைப் பிடித்த பேய்கள் என்று கொண்டு, வழிபாட்டோடு அவற்றை ஓட்டுவதையும் தம் கடமையாக்கினார். 1935 அளவில் அவருடைய திருமண்டலத்தில் சுமார் 250 இந்தியக் குருமாரும், 2,000-க்கு மேற்பட்ட கிராம ஆசிரியரும் பிற ஊழியரும் இருந்தனர்.

அவரைச் சூழ்ந்த மக்களிற் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்களிடமும் அசரியா காணிக்கை கேட்டார். பணம் இல்லாதோர் தானியம் தந்தனர். கோழியும் முட்டையும் கொணர்ந்தனர். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தனர். பசித்தவனிடம் கேட்பது நியாயமா என்று இன்றும் நாம் வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கது அன்று. ஏழையின் காணிக்கையைக் கொண்டு செல்வர் வாழ்ந்த கதைகள் எல்லாச் சமயங்களிலும் உண்டு. ஆயின் அசரியாவின் எண்ணம் வேறு. கொடுக்க உனக்கு ஒன்றுமில்லை என்று ஒருவனிடம் சொல்வது, நீ ஒன்றுமில்லாதவன் என்று சொல்வதே ஆகும் என அவர் கருதினார். தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதவை என ஒதுக்கப்பட்ட கைகள், முதன்முறையாக ஒரு பொதுக் காரியத்துக்கு அளிக்கும் கைகளாயின. கொடுக்கக் கற்றவர்களிலிருந்தே ஆசிரியரும் குருமாரும் எழுந்தனர். கிறிஸ்தவ ஈகையைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின்னும் பதிப்பிக்கப்பெற்றது.

சாதிக் கோடு சபைக்குள்ளும் நுழைந்திருந்தது. மாலரும் மாதிகரும் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பெற மறுத்த ஊர்கள் இருந்தன. அக்கோட்டை அழிக்க அவர் ஓயாது போராடினார். முழுதும் அழித்துவிட்டார் என்று சொல்வது மிகையாகும். மதமாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. இருவரும் தத்தம் நிலையில் உறுதியாக நின்றனர். ஆயினும் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதிகள் வழங்கும் ஏற்பாட்டை 1930-களில் அசரியா எதிர்த்ததை நாம் மறக்கலாகாது. சபை என்பது தேசத்துக்குப் பணி செய்ய அமைந்தது. அரசியலில் பங்கு கேட்கும் தனிக் கூட்டமாக அது குறுகக் கூடாது என்பது அவர் கொள்கை.

அவர் எழுப்பிய பேராலயம் தோர்னக்கலில் இன்றும் நிற்கிறது. நிதி சேரச் சேரக் கட்டப்பட்டதால் வேலை பல ஆண்டுகள் நீடித்து, 1939 ஜனவரி 6ஆம் நாள் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் மண்டபத்தை ஒத்த தூண்களும், மசூதியை நினைவூட்டும் குவிமாடங்களும், உச்சியில் சிலுவையும் அதில் ஒருங்கே அமைந்தன. இந்நாட்டுச் சிற்பியின் கைத்திறமும் இறைவன் தந்த வரமே; அதை ஒதுக்கிவிட்டு அயல்நாட்டு வடிவத்தை நகலெடுப்பது அவ்வரத்தை மண்ணில் புதைப்பதாகும் என்று அக்கட்டடம் சொல்லாமல் சொல்கிறது. எசமானன் தந்த தாலந்தை வளர்க்காமல் மண்ணில் புதைத்து வைத்த ஊழியனின் கதையை விவிலியம் அறிந்தோர் இங்கே நினைவுகூர்வர்.

1945 ஜனவரி முதல் நாள் அசரியா தோர்னக்கலில் மறைந்தார். சபைப் பிரிவுகள் ஒன்றாக வேண்டும் என்று அவர் நெடுங்காலம் பாடுபட்டார்; அதன் பயனாகிய தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் பிறந்தபோது அதைக் காண அவர் இல்லை. விதைத்தவர் அறுவடைக்கு இருப்பதில்லை என்பது உலகில் புதிதன்று.

இவ்வரலாறு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதோ? வரத்தைத் தந்தவன் யார் என்பதற்கு அவரவர் தத்தம் நெறிப்படி விடை சொல்வோம். அதை யாருக்கு அளந்து கொடுத்தோம் என்பதற்கு மட்டும் எல்லாரும் விடை சொல்லியாக வேண்டும். ஊரை விட்டு வந்த நாம் நம்மோடு கொணர்ந்தவை பல: கல்வி, தொழில் நுட்பம், சிக்கன வாழ்வு, இசை, மொழி. இவற்றைக் கொண்டு சம்பாதிக்கிறோம்; ஊரில் வீடு கட்டுகிறோம்; அது குற்றமன்று. ஆனால் நமக்குச் சோறிடும் ஊரின் மொழியை எத்துணை கற்றோம்? நம் தெருவில் பள்ளிக்குச் செல்லாத பிள்ளைக்கு நம் கல்வியில் ஒரு பிடி எடுத்து வைத்தோமா? தமிழ்ச் சங்கத்துக்கு வெளியே நமக்கு நண்பர் எத்தனை பேர்?

திருநெல்வேலித் தேரிக் காட்டில் பிறந்த ஒருவர் தெலுங்கு உழவரிடையே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தம் சீமை பெற்றதை இன்னொரு சீமைக்கு அளந்து கொடுத்தார். அவர் தம் கணக்கை முடித்துவிட்டார். நம் கையில் உள்ள உக்கிராணச் சாவி இன்னும் திருப்பிக் கேட்கப்படவில்லை; பந்தி நடந்துகொண்டிருக்கிறது.