மூஸ் மானும் மோட்டார் வண்டியும்



மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அதனை ஆக்கிய பொறியியலாளரையும் விற்றுப் பொருளீட்டிய முதலாளிகளையும் பற்றி விரித்துரைப்பர். அவ்வரலாற்றில் ஒரு மானுக்கும் பங்குண்டு. அந்த மானின் கதையையே இன்று கூற விழைகின்றேன்.

சுவீடன் நாட்டுக் காடுகளில் மூஸ் என்னும் மானினம் வாழ்கின்றது. மான் என்றவுடன் நமது புள்ளிமானை எண்ணிவிடலாகாது. வளர்ந்த மூஸ் குதிரையை ஒத்த உயரமும் பல நூறு கிலோகிராம் நிறையும் உடையது. உடல் பருத்தது, கால்களோ மிக நெடியன. அபாயம் அக்கால்களிலேதான் உளது. ஓடிவரும் வண்டியின் முன்புறம் கால்களை வாரிவிட, மேலே நின்ற பேருடல் அப்படியே முகப்புக் கண்ணாடியின்மீது சரிகின்றது. இன்னொரு வண்டியோடு மோதுங்கால் நம்மைக் காக்கும் முன்புற இரும்பு ஈண்டுப் பயன்படுவதில்லை. அந்தி மயங்கும் வேளையிற் காட்டோரத்திலிருந்து இவ்விலங்கு வெளிப்படுமாயின், சாரதி செய்யக்கூடியது யாது? சடுதியாக விலகிச் செல்லல் வேண்டும். உடனே தன் வழிக்குத் திரும்பவும் வேண்டும்.

இதனை வண்டிகள் செய்யவல்லனவா என்று சோதிக்கும் வழக்கம் சுவீடனில் எழுந்தது. மூஸ் சோதனை என்று அதற்குப் பெயர். மான் எதுவும் அங்கே நிறுத்தப்படுவதில்லை. கூம்புகளே அதற்குப் பதிலாய் நிற்கும். 1997 ஒக்டோபரில் 'தெக்னிக்கென்ஸ் வேர்ல்ட்' என்னும் சுவீடியச் சஞ்சிகை மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் புதிய சிறு வண்டியை இவ்வாறு ஓட்டிப் பார்த்தது. வண்டி குடைசாய்ந்தது. பெரும்புகழ் பெற்ற நிறுவனம் நாணி நின்றது. பின்னர், வண்டி நிலைகுலையாவண்ணம் சில்லுகளைத் தனித்தனியே தடுத்து நிறுத்தும் மின்னணுக் கருவியை அவ்வண்டிகள் அனைத்திலும் பொருத்தியது. அதுகாறும் விலையுயர்ந்த வண்டிகளின் அணிகலனாக இருந்த அக்கருவி, 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற் புதிதாய் விற்கப்படும் கார் ஒவ்வொன்றுக்கும் சட்டப்படி கட்டாயமாயிற்று. காணாத மானுக்கு அஞ்சிச் செய்த காரியம் எத்துணைப் பேருக்கு உதவியது பாருங்கள்!

மக்னுஸ் யென்ஸ் என்னும் சுவீடிய இளைஞர் இறப்பர்த் தட்டுக்களைக் கோத்து மூஸ் வடிவில் ஒரு பொம்மை செய்தார். வண்டிகளை மோதவிட்டு ஆராய்தற்கென்றே அதனைச் செய்தார். நகைக்கச் செய்து பின் சிந்திக்கவும் செய்யும் ஆய்வுகளுக்குரிய இக் நோபெல் பரிசு 2022 இல் அவருக்குக் கிடைத்தது.

இனி, தானே கண்டு தானே தடுக்கும் வண்டிக்கு வருவோம். சுவீடனின் வொல்வோ நிறுவனம் 2008 இல் முன்செல்லும் வண்டியையும், 2010 இல் பாதசாரியையும், 2013 இல் சைக்கிளோட்டியையும் கண்டு தடுக்கும் அமைப்புகளை வெளியிட்டது. விலங்கின் முறை 2016 இலேயே வந்தது. கமராவும் ராடரும் சேர்ந்து மூஸ், மான், குதிரை ஆகிய பெருவிலங்குகளை இனங்காணும்.

ஆயினும் அதன் கைந்நூலைப் படிப்போர்க்கு வியப்பு மேலிடும். விலங்கு பக்கவாட்டிற் காட்சி தரல் வேண்டும். சாதாரண நடையிற் செல்லவும் வேண்டும். நேர்முகமாக நின்றாலோ, விரைந்து ஓடினாலோ கருவி அறியாது போகலாம். வெருண்ட விலங்கு நடைபயில்வதெங்ஙனம்! நாயும் பூனையும் அதன் கணக்கிலேயே இல்லை. மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் செல்லும்போது, வேகத்தை 15 கிலோமீற்றர் வரை அது குறைக்கவல்லது. இது சிறிதென்று இகழற்க. 90 இற் சென்ற வண்டி 75 இல் மோதுமாயின், மோதலின் ஆற்றல் ஏறக்குறையப் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். உயிர் பிழைப்பதற்கு அது போதுமானதாக இருத்தலும் கூடும்.

வடபுலத்து மானைக் கற்ற இக்கருவி தென்புலம் சென்றபோதுதான் திகைத்தது. 2015 இல் வொல்வோ ஆய்வாளர் அவுஸ்திரேலியாவின் கன்பராவுக்கு அருகே கங்காருக்களைப் படம்பிடித்தனர். இடர் யாதென்பதை 2017 இல் நிறுவனத்தார் வெளிப்படையாகக் கூறினர். ஒரு பொருள் எத்துணைத் தொலைவிலுளது என்பதைக் கருவி நிலத்தை ஆதாரமாகக் கொண்டே கணிக்கின்றது. கங்காரு துள்ளி எழும்போது கால் நிலத்தில் இல்லை. ஆதலால் அது தொலைவிற் செல்வதாகத் தோன்றும். நிலத்தில் இறங்கியதும் அண்மையில் நிற்பதாகத் தோன்றும். மான் நடப்பது, கங்காரு துள்ளுவது. கருவிக்குக் கற்பித்தோர் காடுகளில் துள்ளிச் செல்லும் பெருவிலங்கு இல்லை.

அவுஸ்திரேலியாவின் நாட்டுப்புற வீதிகளில் ஓடும் வண்டிகள் பலவற்றின் முன்னே தடித்த இரும்புச் சட்டங்களைக் காணலாம். கங்காருவை எண்ணி மக்கள் கணனிக்கு முன்னரே பூட்டிக்கொண்ட காவல் அது. வண்டியையும் அதிலிருப்போரையும் அது ஓரளவு காக்கும். கங்காருவை அது காப்பதில்லை.