கல்வெட்டில் ஏறாத பாட்டு: புதுக்கோட்டையும் தாலாட்டும்

புதுக்கோட்டைப் பக்கம் வரலாறு தேடிப் போறவங்களுக்குக் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. 1929-ல் சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. குடுமியான்மலையில் இசைக்கே ஒரு கல்வெட்டு உண்டு. சுரக்கோவைகளை 7 பிரிவுகளாக, கிரந்த எழுத்தில் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மலையைச் சுற்றியுள்ள வீடுகளில் தினமும் ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்த இசையை யாரும் வெட்டி வைக்கவில்லை.

'தால்' என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பார்கள். ஏட்டில் நமக்குக் கிடைப்பது பக்தி வழியாக வந்தது. பெரியாழ்வார் யசோதையாக மாறிக் கண்ணனுக்குத் தாலாட்டு பாடினார். பிள்ளைத்தமிழில் தாலப்பருவம் மூன்றாவது பருவம். வீட்டுத் தாலாட்டு அச்சுக்கு வர 20-ம் நூற்றாண்டு ஆயிற்று. கி.வா.ஜகந்நாதன், நா.வானமாமலை போன்றவர்களின் நாட்டுப்பாடல் தொகுப்புகளைப் புரட்டினால் அது தெரியும்.

அந்தப் பாட்டுகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: தாலாட்டுக்குக் கேட்பவர் இரண்டு பேர். தூளியில் கிடக்கும் பிள்ளைக்கு ராகமும் ஆட்டமும் போதும். சொற்கள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு.

உன்னை யார் அடித்தது என்று அத்தை, பாட்டி, மாமன் என ஒவ்வொருவராக விசாரிக்கும் பாட்டு நம்மில் பலருக்குத் தெரியும். கைக்குழந்தையை யார் அடிக்கப் போறாங்க? அது சொந்தபந்தத்தின் வருகைப் பதிவேடு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் தாய்மாமன் பெருமையைப் பாடினால், திண்ணையில் இருக்கும் அண்ணன் காதில் விழும். செய்ய வேண்டிய சீர் நினைவுக்கு வரும். அதையே புகுந்த வீட்டில் பாடினால், என் பிறந்த வீடு லேசுப்பட்டதல்ல என்று மாமியாருக்குச் சேதி. நேரில் சொன்னால் சண்டை, பாட்டில் சொன்னால் யாரும் கேட்க முடியாது. ராயவரம், ராமச்சந்திரபுரம் போன்ற நகரத்தார் ஊர்களில் ஆண்கள் பர்மா, மலாயா என்று கொண்டுவிக்கப் போன காலத்தில், கடல் கடந்த வாணிபமும் தாலாட்டுக்குள் வந்தது.

பிள்ளைக்குப் போகும் பாதி வேலையும் சாதாரணமானதல்ல. 2022-ல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தார் ஒன்றைக் கவனித்தார்கள். அழும் குழந்தையை 5 நிமிடம் தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகை அடங்குகிறது, பல குழந்தைகள் தூங்கியும் விடுகின்றன. ஆனால் உடனே கீழே கிடத்தினால் விழித்துக்கொள்கின்றன. தூங்கிய பின்னும் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்து கிடத்துவது நல்லது என்கிறார்கள். தாலாட்டுகள் சொந்தங்களையெல்லாம் சுற்றி வந்து இவ்வளவு நீளமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பிள்ளை கண்ணை மூடிய பிறகும் பாட்டு மிச்சம் இருக்க வேண்டுமே!

இன்று தூளி இருந்த இடத்தில் ஸ்பிரிங் தொட்டில், பாட்டு இருந்த இடத்தில் செல்போன். பிள்ளை தூங்கிவிடும், அதில் சந்தேகமில்லை. போவது மற்ற பாதிதான்: அந்த வீட்டு மாமன் பேரும், அந்த வீட்டு மனக்குறையும் எந்த யூடியூப் பாட்டிலும் இருக்காது.

குடுமியான்மலைப் பாறை இன்னும் ஆயிரம் வருஷம் நிற்கும், அதற்கு அவசரமில்லை. உங்கள் வீட்டு அப்பத்தாவோ அம்மாயியோ இருந்தால், அதே செல்போனில் அவர்கள் பாட்டை ஒருமுறை பதிந்து வையுங்கள். யார் பிறந்தபோது பாடியது, எந்த ஊரில் என்பதையும் கேட்டுச் சேர்த்து வையுங்கள்.