காம்ரேட்ஸ் ஓட்டமும் இருவகைப் பயிற்சியும்

முதல் உலகப்போரில் மாண்ட வீரர்களின் நினைவாகத் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே 1921இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம், மாரத்தானின் 42.195 கிலோமீட்டரையும் கடந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளும் அல்ட்ரா மாரத்தான் ஆகும். அந்நாட்டின் நேட்டால் மாகாணத்தில் விவசாயியாக இருந்த ஆர்தர் நியூட்டன், நாற்பதை நெருங்கும் வயதில் பயிற்சியைத் தொடங்கி, நிதானமான நீண்ட ஓட்டத்தையே பெரிதும் நம்பி, 1922 முதல் 1927 வரையிலான காலத்தில் ஐந்து முறை அதில் வென்றார். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாடோபெக்கோ, 400 மீட்டரை விரைந்தோடி, மெல்லோட்டமாக இளைப்பாறி, மீண்டும் விரையும் இடைவெளிப் பயிற்சியால் உரம்பெற்று, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தம் முதல் மாரத்தானையே வென்றார்; ஆயினும் அச்சுற்றுகளை ஒரே நாளில் பல பத்து முறை அவர் ஓடியதால் அதுவும் நெடுந்தொலைவு உழைப்பாகவே அமைந்தது என்பதை, குறுகிய கடும்பயிற்சிக்கு அவரைச் சான்றாகக் காட்டுவோர் மறப்பது வருந்தத்தக்கது. குறுகிய கடும்பயிற்சி மட்டும் இதயத்தையும் மூச்சையும் வலுப்படுத்துமேயன்றி, மணிக்கணக்கான அதிர்வைத் தாங்கும் திறனைத் தசைநாண்களுக்கு முழுமையாக அளிப்பதில்லை.