பீம்பேட்காவின் 'புதைபடிவம்': ஒரு பிழையின் வரலாறு

கடற்கரையில் உலவுவோர், பெரணி இலை போன்ற கரிய கோலம் பதிந்த கல்லைக் கண்டால் அதைப் புதைபடிவம் என்று எண்ணிப் பாதுகாப்பது வழக்கம். பெரும்பாலும் அது கல்லின் விரிசல் வழியே கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடின் படிவு; அங்கே செடியும் இல்லை, இலையும் இல்லை. இத்தகைய மயக்கம் துறையறிஞர்களையும் விட்டுவைத்ததில்லை. அண்மைக்கால இந்திய வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு.

மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா, 1957இல் வாகண்கர் கண்டறிந்த பாறை ஓவியங்களால் புகழ்பெற்றது. அதன் மணற்கல், பழங்கடல் ஒன்றின் ஓரத்தில் படிந்த மணல் இறுகி உருவானது. 2020 மார்ச்சில் அங்குச் சென்ற கிரெகரி ரெட்டலாக் முதலிய புவியியலாளர்கள், குகையின் மேற்பகுதியில் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் வரிவரியாக விரியும் ஒரு வடிவத்தைக் கண்டனர். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டிக்கின்சோனியா என்னும் உயிரி அது என்று 2021இல் 'கோண்டுவானா ரிசர்ச்' இதழில் எழுதினர். இந்தியாவில் அவ்வுயிரி கிடைத்தது இதுவே முதன்முறை என நாளிதழ்கள் கொண்டாடின.

அக்கூற்று வெறும் வியப்புச் செய்தி அன்று. சிர்கான் மணிகளின் வயதையும் பாறையில் உறைந்த காந்தத் தடத்தையும் ஆராய்ந்தவர்கள், விந்தியத் தொகுதியின் அம்மேலடுக்குகள் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுப் பழமை உடையவை என்று கணித்திருந்தனர். குகையில் கண்ட ஒரே ஒரு வடிவம், அக்கணக்கில் ஏறக்குறைய பாதியை அழிக்க முனைந்தது.

2022இன் இறுதியில் ஜோசப் மீர்ட் குழுவினர் அக்குகையை நேரில் ஆராய்ந்தனர். 'புதைபடிவம்' பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. அருகில் மலைத்தேனீக்களின் கூடுகள் இருந்தன. கல்லாகிய உடல் இரண்டே ஆண்டுகளில் சிதையாது. அது கைவிடப்பட்ட தேன்கூட்டின் எச்சம் என்று 2023இல் அதே இதழில் நிறுவினர். ரெட்டலாக் தம் பிழையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

மொழியியல் பயின்றவனுக்கு இக்கதை புதிதன்று. தமிழ் 'ஒன்று', ஆங்கில 'ஒன்' ஆகியவற்றின் ஒலியொப்புமையைக் காட்டி உறவு கொண்டாடும் பதிவுகளை நாள்தோறும் காண்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் 'ஆன்'; இன்றைய ஒலிப்பு பின்னர் வந்தது. ஜெர்மானியத்தின் 'ஐன்', இலத்தீனத்தின் 'ஊனுஸ்' ஆகியவையே அதன் உறவினர். கன்னட 'ஒந்து', மலையாள 'ஒந்நு' ஆகியவை நம் சொல்லின் உடன்பிறப்புகள்.

கல்லாயினும் சொல்லாயினும் தோற்றம் கேள்வியை எழுப்பலாம், விடையாகிவிடாது. அது எதனால் ஆனது, எந்த அடுக்கிலிருந்து வந்தது, அருகில் வேறு என்ன இருக்கிறது என்று வினவிய பிறகே பெயரிடல் தகும். பெயரிட்டது பிழை என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளுதலும் ஆய்வின் கடமையே. மீர்ட் குழு தேன்கூட்டைக் கண்டறிந்ததைப் போலவே, ரெட்டலாக் அதை ஒப்புக்கொண்டதும் என் மதிப்பில் ஓர் அறிவியற்செயலே.